மேளம் ஓய்ந்த பிரகாரத்தில்: இசையும் சமூக மாற்றமும் குறித்த கேள்வி பதில்

கடலூர், புதுச்சேரி வட்டாரத்து இசை ஆர்வலர்கள் எழுதி அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே விடை எழுதியிருக்கிறேன். நான் நாகஸ்வரக் குடும்பத்தில் பிறந்து, வாய்ப்பாட்டுப் பயின்று, முப்பது ஆண்டுகள் புதுச்சேரியில் இசையும் இசை வரலாறும் கற்பித்து ஓய்வு பெற்றவன். ஒரே பொருளைத் தொட்ட கேள்விகளை ஒன்றாக்கியிருக்கிறேன்.

கடலூர் முதுநகரிலிருந்து ஓய்வுபெற்ற வங்கி ஊழியர் ஒருவர்: ஐயா, எங்கள் பகுதியில் நவராத்திரிக் கச்சேரிக்கு நாற்பது பேர் வந்தாலே பெரிது, வருபவர்களும் என் வயதினர்தான். இளைஞர்களின் ரசனை மாறிவிட்டதே இதற்குக் காரணம் என்று நினைக்கிறேன். தங்கள் கருத்து என்ன?

ரசனையைக் குறை சொல்வதற்கு முன்பு, கேட்பவருக்குப் பொழுது எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும். உழவை நம்பியிருந்த ஊரில் அறுவடை முடிந்த பிறகு ஊருக்கே ஓய்வு கிடைத்தது. திருவிழாக்களும் அந்த ஓய்வை ஒட்டியே அமைந்தன. விடிய விடியச் சுவாமி புறப்பாட்டுடன் நடந்து ராகம் கேட்டவர், மறுநாள் உறங்கி எழுந்தால் போதும். இன்று அவருடைய பேரன் சிப்காட் ஆலையிலோ நெய்வேலிச் சுரங்கத்திலோ ஷிப்டு முறையில் வேலை பார்க்கிறான். ஒரே வீட்டில் இரண்டு பேருக்கு ஒரே மாலை ஓய்வாக இருப்பதே அரிது. நான்கைந்து மணி நேரம் நடந்த கச்சேரி இரண்டரை மணி நேரமாகச் சுருங்கியதற்கும் இதில் பெரும் பங்கு உண்டு.

அந்த இளைஞன் இசையே கேட்பதில்லை என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். புதுச்சேரிக்குப் போகும் பேருந்தில் காதில் செவிப்பொறியை மாட்டிக்கொண்டு தோடி கேட்டுக்கொண்டிருந்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் அவ்வாறு தனியே கேட்பது, பாடுகிற வித்துவானுக்குச் சோறு போடுவதில்லை; அருகில் அமர்ந்திருப்பவர் தலையசைப்பதைப் பார்த்து எது நல்ல சங்கதி (பாடல் வரியை மெருகேற்றிப் பாடும் முறை) என்று தெரிந்துகொள்ளும் வாய்ப்பையும் தருவதில்லை.

திருப்பாதிரிப்புலியூரிலிருந்து ஒரு வாசகி: கோவில்களில் நாகஸ்வரமும் தவிலும் ஒலித்த இடத்தில் இப்போது மின்சார முரசும் மணியும்தான் ஒலிக்கின்றன. இந்த நிலை எப்படி வந்தது? இதைத் திரும்பப் பெற முடியுமா?

இந்தக் கேள்விக்கு நான் சற்று விரிவாகவே விடை சொல்ல வேண்டும், ஏனென்றால் மற்ற எல்லாக் கேள்விகளுக்கும் வேர் இதில்தான் இருக்கிறது.

கோவில் மேளக்காரருக்குச் சம்பளமாகப் பணம் வந்ததில்லை. ஊழிய மானியமாக நிலம் இருந்தது. அந்த நிலத்து நெல்லே அவருக்கு வாழ்வாக இருந்தது. பதிலுக்குக் காலபூசைகளிலும் புறப்பாட்டிலும் வாசிப்பது அவருடைய கடமையாக இருந்தது. 1948-இல் ஜமீன் ஒழிப்புச் சட்டமும் 1963-இல் சிறு இனாம் ஒழிப்புச் சட்டமும் வந்து பழைய நில உரிமை முறையை மாற்றி அமைத்தன. உழுகிறவருக்கு நிலத்தில் உரிமை வேண்டும் என்ற நோக்கம் நியாயமானது. அதை நான் மனமார ஆதரிக்கிறேன். ஆனால் மானியத்தில் கட்டப்பட்டிருந்த இசைப் பணிக்கு மாற்றாக வாழத்தக்க ஊதியம் ஒன்றை யாரும் முறையாக ஏற்படுத்தவில்லை. நெல் நின்ற இடத்தில் சொற்பப் பணம் வந்தது. அந்தப் பணத்தில் குடும்பம் நடத்த முடியாமல் அடுத்த தலைமுறை வேறு வேலைக்குப் போயிற்று. மேளக்காரர் ஓய்வு பெற்ற பிறகு அந்த இடம் நிரப்பப்படாமலே கிடந்தது. பிறகு பக்தர் ஒருவர் மின்சார முரசை வாங்கி உபயமாகக் கொடுத்தார். எங்கள் தாத்தா வாசித்த கோவிலில் இது என் கண் முன்னே நடந்தது. அந்தக் கருவி முதன்முதலில் ஒலித்த சாயரட்சை எனும் மாலைப் பூசையில் என் தந்தையார் பிரகாரத்தில் நிற்க முடியாமல் வெளியே வந்துவிட்டார்.

மேளக்காரரின் வேலை மட்டும்தான் போயிற்று என்று எண்ணிவிடக் கூடாது. விடியற்காலையில் பூபாளமும் பௌளியும், அர்த்தசாமத்தில் பள்ளியறைக்கு ஆனந்தபைரவியும் நீலாம்பரியும் என்று பொழுதுக்கு ஏற்ற ராகத்தை அன்றாடம் கேட்டே ஊர்க் குழந்தைகள் வளர்ந்தார்கள். சுவாமி புறப்படும்போது கம்பீரநாட்டை ராகத்தில் மல்லாரி என்ற புறப்பாட்டு இசை கேட்டவுடன் வீட்டுக்குள் இருந்த பாட்டி கற்பூரத் தட்டோடு வாசலுக்கு வருவார். ராகத்தின் பெயர் தெரியாதவர்க்கும் அதன் முகம் தெரிந்திருந்தது. கட்டணம் இல்லாத அந்தப் பள்ளி மூடப்பட்ட பிறகுதான், ரசிகர்கள் இல்லையே என்று நாம் கவலைப்படத் தொடங்கினோம். வித்துவானுக்கும் இழப்பு உண்டு. நான்கு வீதிகளையும் சுற்றி வருவதற்குள் ஒரே ராகத்தை மணிக்கணக்கில் விரித்து வாசிக்கும் பயிற்சி வீதியில்தான் கிடைத்தது. வீட்டுக்குள் சாதகம் செய்து அதை ஈடுகட்ட முடியாது.

ஒலிபெருக்கியும் இதில் ஒரு காரணம். 1930-களில் அது கச்சேரி மேடைக்கு வந்த பிறகு, மெல்லிய குரலும் பெரிய கூட்டத்தை எட்டியது. திறந்த வெளியை நிரப்பவே உருவான நாகஸ்வரத்தின் தனிச்சிறப்பு அதனால் மங்கியது. கூரைக்குக் கீழே வந்த பிறகு, காதுக்குப் பெரிதாக இருக்கிறது என்று அதையே குறையாகச் சொன்னார்கள்.

திரும்பப் பெற முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கடலூரில் மாவட்ட அரசு இசைப்பள்ளியில் நாகஸ்வரமும் தவிலும் கற்பிக்கிறார்கள். எந்தக் குடும்பத்துப் பிள்ளையும் சேரலாம். கற்றவர்களுக்குக் கோவிலில் நிலையான பணியிடம் இருந்தால் மேளம் திரும்பும். நரசிங்கம்பேட்டை நாகஸ்வரத்துக்கு 2022-இல் புவிசார் குறியீடு கிடைத்ததை நான் மகிழ்ச்சியோடு வரவேற்கிறேன். ஆனால் வாசிப்பவர் குறைந்தால், ஆச்சா மரத்தைக் கடைந்து குழல் செய்பவரும், திருவாவடுதுறையில் சீவாளி (வாயில் வைத்து ஊதும் நாணல் பகுதி) கட்டுபவரும் யாருக்காகச் செய்வார்கள்?

நெல்லிக்குப்பத்திலிருந்து ஒருவர்: திரையிசைதான் சாஸ்திரிய இசையை அழித்தது என்று சொல்வது சரியா?

சரி என்று நான் கருதவில்லை. 1952-இல் மத்திய அமைச்சர் கேஸ்கர் வானொலியில் திரைப்பாடல்களை ஏறக்குறைய நிறுத்தினார். நேயர்கள் இலங்கை வானொலிக்குப் போனார்கள். 1957-இல் விவித் பாரதியைத் தொடங்க வேண்டியதாயிற்று. நாகஸ்வர வித்துவான் காருகுறிச்சி அருணாசலத்தின் ஆபேரி ராகத்தைத் திரைப்பாடல் வழியாகக் கேட்டு நாகஸ்வரத்தின் மீது பற்றுக்கொண்டவர்கள் ஏராளம். கதவை அடைத்து இசையைக் காக்க முடியாது என்பதை அன்றே கண்டுவிட்டோம்.

புதுச்சேரியிலிருந்து கல்லூரி மாணவி ஒருவர்: ஐயா, பழைய நாளில் இசை செழித்திருந்தது என்று கேட்கும்போதெல்லாம், அந்நாளில் என்னைப் போன்ற பெண்கள் மேடையேற முடிந்ததா என்றே நினைக்கிறேன். சமூக மாற்றத்தால் நன்மையே இல்லையா?

மகளே, இந்தக் கேள்வியை எல்லாரும் கேட்க வேண்டும். திருவையாற்றில் தியாகராசர் சமாதியைத் தம் பொருளைச் செலவிட்டுக் கோவிலாக எழுப்பிய பெங்களூர் நாகரத்தினம்மாளே அந்த ஆராதனையில் பெண்கள் பாடும் உரிமைக்குப் போராட வேண்டியிருந்தது. பெண்களுக்குப் பக்கவாத்தியம் வாசிக்க மறுத்த வித்துவான்கள் இருந்தார்கள். சங்கீத கலாநிதி விருது முதன்முதலில் ஒரு பெண்ணுக்கு, எம்.எஸ்.சுப்புலட்சுமிக்கு, 1968-இல்தான் கிடைத்தது. நாகஸ்வரம் ஆண்களின் மூச்சுக்கே உரியது என்ற பேச்சை மதுரை பொன்னுத்தாய் வாசித்தே பொய்யாக்கினார். நாகஸ்வரத்தை மங்கச் செய்ததாக மேலே நான் சொன்ன ஒலிபெருக்கிதான், உச்ச சுருதியில் உரக்கப் பாட வேண்டிய கட்டாயத்தை நீக்கி, பெண்களின் குரலுக்கு மேடையில் இடம் உண்டாக்கியது.

ஆயினும் இழப்பை மறைக்கக் கூடாது. பெண்களைக் கோவிலுக்கென்று பொட்டுக்கட்டித் தேவதாசிகளாக்கும் வழக்கத்தைச் சென்னை மாகாணத்தில் 1947-இல் சட்டம் ஒழித்தது. ஒழிய வேண்டிய கொடுமை அது. ஆனால் வழக்கத்தின் மீது விழுந்த பழி, அந்தக் குலத்துப் பெண்களின் கலை மீதும் விழுந்தது. பதங்கள், சாவளிகள் என்னும் காதல் பாடல்களை அவற்றுக்குரிய நிதானத்தோடு பாடும் மரபு, வீணை தனம்மாளின் பேத்திகளான பிருந்தா, முக்தா, பாலசரசுவதி போன்ற வெகு சிலரிடமே நின்றது. மற்றவர்கள் அதே பாடல்களைக் கற்றுக்கொண்ட காலத்தில், வீட்டில் அவற்றைப் பாடியே வளர்ந்த பெண்கள் தாங்கள் பாடுவதை மறைத்து வாழ்ந்தார்கள். சட்டம் வந்ததை நான் குறை கூறவில்லை. அந்தப் பெண்களை ஆசிரியைகளாக அழைக்கத் தவறிய நம்மையே குறை கூறுகிறேன்.

விருத்தாசலத்திலிருந்து ஓர் ஆய்வு மாணவர்: சபாக்களும் தமிழிசை இயக்கமும் இசையை எல்லாருக்கும் பொதுவாக்கினவா, அல்லது சிலருடையதாகவே வைத்திருந்தனவா?

இரண்டும் நடந்தன. அரசவையும் மிராசுதாரரும் ஆதரித்த இசையைச் சீட்டு வாங்கிய எவரும் கேட்கலாம் என்றாக்கியது சபா. அது பெரிய மாற்றம். ஆனால் சென்னை மியூசிக் அகாதெமி 1928-இல் தோன்றியது போன்ற முயற்சிகளை நடத்தியவர்கள் பெரும்பாலும் ஆங்கிலம் கற்ற உயர்சாதி வழக்கறிஞர்களும் அலுவலர்களும் ஆவர்; எது செம்மையான இசை என்பதை அவர்களுடைய காதே தீர்மானித்தது. நாகஸ்வரத்துக்குத் தொடக்க நாள் மங்கள இசை என்ற அளவில் இடம் தந்து நிறுத்திக்கொண்ட வழக்கம் அதன் அடையாளம். நாகஸ்வர வித்துவான் திருவாவடுதுறை இராசரத்தினம் பிள்ளை மேடையில் அமர்ந்தே வாசிப்பேன் என்று நின்றது தன் ஒருவருக்காக மட்டும் அன்று.

தமிழிசை இயக்கம் நம் மாவட்டத்தில் வேர்விட்டது. அண்ணாமலை நகரில் 1941-இல் நடந்த மாநாட்டுக்குப் பிறகு, தில்லைவிடங்கன் மாரிமுத்தாப் பிள்ளையின் பாடல்களுக்கும் சீர்காழி முத்துத்தாண்டவரின் பாடல்களுக்கும் மேடையில் உரிய இடம் வேண்டும் என்று உரக்கக் கேட்க முடிந்தது. அதற்கும் வெகு காலம் முன்பே, கோவிலுக்குள் நுழைய மறுக்கப்பட்ட ஆதனூர்ப் பண்ணையாள் நந்தனாரின் கதையைக் கோபாலகிருஷ்ண பாரதி கீர்த்தனைகளாகப் பாடினார். அதை அச்சேற்ற ஊக்கம் தந்தவர் காரைக்காலில் பிரெஞ்சு அரசுப் பணியில் இருந்த சீசய்யா என்ற பிரெஞ்சுக்காரர். புரவலர் எங்கிருந்து வருவார் என்பதை முன்கூட்டிச் சொல்ல முடியாது. கோவிலில் தேவாரம் பாடும் ஓதுவார்களை மட்டும் தமிழிசை மேடை இன்னும் முழுமையாக அணைத்துக்கொள்ளவில்லை என்பது என் வருத்தம். அப்பர் முதல் பதிகம் பாடிய திருவதிகை நமக்கு அருகிலேயே இருக்கிறது. அந்தப் பதிகம் அமைந்த கொல்லி என்னும் பழந்தமிழ்ப் பண்ணை இன்று நவரோசு ராகத்தில் கேட்கிறோம் என்பதைப் பண்ருட்டிப் பிள்ளைகளில் எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறோம்?

இலாசுப்பேட்டையிலிருந்து மென்பொருள் பணியாளர் ஒருவர்: இணையவழியில் பாட்டுக் கற்பது உண்மையான கல்வியாகுமா?

ஆகும், ஆனால் குறையுடைய கல்வியாகும். ஒலி போய்ச் சேர்வதில் ஏற்படும் சிறு தாமதத்தால் ஆசிரியரும் மாணவரும் சேர்ந்து பாட முடிவதில்லை. ஆசிரியரின் குரலோடு இழைந்து பாடும்போது கமகம் எனும் சுர அசைவு தானே தொண்டையில் படியும். இணையத்தில் கேட்டு, நிறுத்தி, திருப்பிப் பாட வேண்டியிருக்கிறது. மாதத்துக்கு ஒரு முறையேனும் நேரில் சென்று தம்பூராவுக்கு முன் அமருங்கள். வெளிநாட்டு மாணவர்களின் கட்டணம் சிற்றூர் ஆசிரியர்களை வாழவைத்திருக்கிறது என்பதை நன்றியோடு சொல்ல வேண்டும். அதே வேளையில், அமெரிக்காவில் மாலை என்பது நமக்கு விடியற்காலை ஆகையால், உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு உரியதாக இருந்த அந்த அருமையான நேரம் அவர்களுக்குக் கிடைக்காமல் போகிறது.

பண்ருட்டியிலிருந்து ஒரு தாயார்: என் மகள் ஏழு ஆண்டுகளாகப் பாடுகிறாள். பதினொன்றாம் வகுப்பு வந்துவிட்டது; நீட் பயிற்சியும் உண்டு. நிறுத்திவிடலாமா?

நிறுத்த வேண்டாம், அம்மா. புதிய உருப்படிகளை இரண்டு ஆண்டுகளுக்கு ஒத்திவையுங்கள். காலையில் இருபது நிமிடம் அகார சாதகமும், அலங்காரம் மூன்று காலமும், தெரிந்த வர்ணம் ஒன்றும் போதும். நல்ல குரல்கள் பல பத்தாம் வகுப்புக்குப் பிறகு நின்று போனதை நான் கண்டிருக்கிறேன். பின்னர் திரும்பி வந்தவர்கள் எல்லாரும் அன்றாட இருபது நிமிடத்தை விடாதவர்களே.

வில்லியனூரிலிருந்து ஒருவர்: தை மாதத்தில் என் மகள் திருமணம். செண்டை மேளம் வேண்டும் என்று வீட்டில் சொல்கிறார்கள். எனக்கு நாகஸ்வரமே விருப்பம். என்ன செய்வது?

பிள்ளைகளின் விருப்பத்தையும் மறுக்காதீர்கள்; ஆனால் இரண்டையும் ஒரே வேளையில் வைக்காதீர்கள். முன்னாளில் மாப்பிள்ளை அழைப்பு ஊர்வலத்தில்தான் ராக ஆலாபனை நடந்தது. இப்போது மாப்பிள்ளை காரில் வருவதால் அந்த வாய்ப்பு போயிற்று. ஆகவே முகூர்த்தத்துக்கு முந்தைய மாலை, விருந்துக்கு முன் ஒரு மணி நேரத்தை நாகஸ்வரத்துக்கென்றே ஒதுக்குங்கள். மேடை போட்டு அமரவையுங்கள்; ஒலிபெருக்கியைத் தாழ்த்திவையுங்கள்; அந்த நேரத்தில் திரைப்பாட்டு கேட்டுச் சீட்டு அனுப்ப வேண்டாம் என்று உறவினர்களிடம் முன்பே சொல்லிவிடுங்கள். தவில்காரருக்கும் நாகஸ்வரக்காரருக்கு இணையான தொகை கொடுங்கள். விரல் கூடு அணிந்து இரண்டு நாள் வாசித்த கையின் வலி எனக்குத் தெரியும். சாப்பாட்டுக்கு முதல் பந்தியில் அழையுங்கள். அழைப்பிதழில் "மங்கள இசை" என்று மட்டும் அச்சிடாமல், வாசிப்பவர்கள் நால்வர் பெயரையும் ஊரோடு சேர்த்து அச்சிடுங்கள்.