போஸ்டர் ஒட்டினால் மார்க் போடலாமா?

கேள்வி: பல்கலைக்கழகத்தில் சமூகநீதி பாடம் எடுக்கிறேன். அடுத்த செமஸ்டரில் கலையையும் சேர்க்க ஆசை. "கடைசியில் ஆளுக்கொரு போஸ்டர் ஒட்டிவிட்டு மார்க் கேட்பார்கள்" என்று சக ஆசிரியர்கள் தடுக்கிறார்கள். வரையவே தெரியாத மாணவர்களும் இருக்கிறார்கள். என்ன செய்யலாம்?

பதில்: தயங்காமல் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆனால் உங்கள் நண்பர்கள் பயப்படுவதிலும் நியாயம் இருக்கிறது. செமஸ்டர் முழுக்க விரிவுரை நடத்திவிட்டு கடைசி வாரம் "இதையெல்லாம் ஓவியமாக்கிக் கொண்டு வாருங்கள்" என்றால் போஸ்டர்தான் வரும், வேறென்ன வரும்? முதல் வாரமே கலையை உள்ளே கொண்டுவாருங்கள்.

வரையத் தெரியாதவர்களுக்கு நாடகம் இருக்கிறது. பிரேசில் நாடகக்காரர் அகஸ்டோ போவால் 1970களில் வளர்த்தெடுத்த ஃபோரம் தியேட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். கூலியில் பிடித்தம் செய்துவிட்டார்கள் என்று ஒரு பெண் மேற்பார்வையாளரிடம் கேட்கிறாள், தோற்றுப்போய்த் திரும்புகிறாள், அவ்வளவுதான் காட்சி. அதையே மறுபடி நடிப்பார்கள். இந்தமுறை பார்ப்பவர்களில் யார் வேண்டுமானாலும் "நிறுத்து" என்று சொல்லி எழுந்துபோய் அவள் இடத்தில் நிற்கலாம். மேற்பார்வையாளராக நடிப்பவர் மட்டும் சுலபத்தில் விட்டுக்கொடுக்கக் கூடாது. "சங்கத்தில் சொல்வேன்" என்று வேகமாகப் போகிற மாணவனிடம் அவர் குரலை உயர்த்தாமல் "தாராளமா சொல்லு, நாளையிலேருந்து வேலைக்கு வர வேண்டாம்" என்றால், அவனுக்கு அடுத்த வார்த்தை வராது. ஜனங்கள் ஏன் வாயைத் திறப்பதில்லை என்பது அந்த இடத்தில் புரிகிற மாதிரி எந்த விரிவுரையிலும் புரியாது. அப்புறம் தொழிலாளர் சட்டத்தைப் பிரித்தால், அவர்களே கேள்வி கேட்பார்கள்.

கைவேலையும் வேண்டும். சிலியில் 1973இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு, காணாமல் போனவர்களின் தாய்மாரும் மனைவிமாரும் சாக்குத் துணியின் மேல் பழைய துணித்துண்டுகளை வெட்டி வைத்துத் தைத்தார்கள். அர்பில்லெரா என்று பெயர். மலை, சூரியன், சின்னச் சின்ன பொம்மை மனிதர்கள், 'எங்கே இருக்கிறார்கள்?' என்று நூலில் ஒரு வரி. தேவாலய அமைப்பு ஒன்றின் உதவியோடு அவை நாட்டுக்கு வெளியே ரகசியமாகப் போய்ச் சேர்ந்தன. அந்தப் பெண்கள் ஏன் தூரிகையை எடுக்காமல் ஊசியை எடுத்தார்கள் என்று கேட்டு ஒரு வகுப்பு முழுக்க மாணவர்களைப் பேச விடுங்கள்.

சரி, மதிப்பெண். அழகுக்குப் போடாதீர்கள். யாரிடம் பேசினார்கள், முதலில் என்ன நினைத்தார்கள், எது மாறியது, எதை வேண்டாமென்று விட்டார்கள் என்று வாராவாரம் குறிப்பேட்டில் எழுதச் சொல்லி, பாதி மார்க்கை அதற்கே வைத்துவிடுங்கள். இன்னொன்று, தன் சொந்தக் காயத்தைத்தான் படைப்பாக்க வேண்டும் என்று எந்த மாணவரையும் நெருக்காதீர்கள். வீட்டில் பட்ட அவமானத்தை மார்க்குக்காக மேடையில் சொல்லவைப்பதும் ஒரு அநீதிதான்.

மற்றவர் வாழ்க்கையைப் படமாகவோ நாடகமாகவோ ஆக்கினால், கண்காட்சிக்கு முன்னால் அவர்களிடம் காட்டியே ஆக வேண்டும். "இது நான் இல்லை" என்று அவர்கள் சொன்னால் மாற்றுவதற்கு நாள் வேண்டுமே, அதற்கு ஒரு வாரத்தை இப்போதே பாடத்திட்டத்தில் ஒதுக்கிவிடுங்கள்.