இரவோடு இரவாகக் குளோரின் எங்கே போகிறது?

கேள்வி: சென்னை பழைய மகாபலிபுரம் சாலையில் உள்ள எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் திறந்தவெளி நீச்சல் குளம் இருக்கிறது. 12 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம், சராசரி ஆழம் 1.2 மீட்டர். தண்ணீர் விளிம்பில் வழிந்து பேலன்சிங் டேங்குக்குப் போய்த் திரும்பும். தினமும் இரவு 8 மணிக்கு 5 லிட்டர் லிக்விட் குளோரின் ஊற்றுகிறோம். அப்போது டெஸ்ட் கிட்டில் நல்ல மஞ்சள் நிறம் வருகிறது. காலை 6 மணிக்குப் பார்த்தால் வெளிறிப்போய் இருக்கிறது. ஆனால் குளோரின் வாடை மட்டும் தூக்கலாக அடிக்கிறது. சுவர் லேசாக வழுக்குகிறது. குறையும் தண்ணீரை டேங்கர் லாரியில் வாங்கி நிரப்புகிறோம். வெயில்தான் காரணம், கூடுதலாக இரண்டு கேன் வாங்குங்கள், மயில்துத்தமும் போடலாம் என்கிறார் ஆபரேட்டர். என்ன செய்வது?

பதில்: கேன் வாங்குவதைக் கொஞ்சம் தள்ளிப் போடுங்கள். இரவு 8 மணிக்கும் காலை 6 மணிக்கும் நடுவில் வெயில் ஏது? வெயில் இல்லாத நேரத்தில் குளோரின் தீர்ந்தால், குளத்துக்குள் ஏதோ அதைத் தின்கிறது என்று அர்த்தம். பாசி, கொழகொழப்பான பாக்டீரியாப் படலம், வியர்வை, சிறுநீர், டேங்கர் தண்ணீரில் வரும் அம்மோனியா என்று பல இருக்கலாம். வாடையும் வழுக்கலும் அதைத்தான் சொல்கின்றன. தூக்கலான வாடை அடித்தால் குளோரின் அதிகம் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது அம்மோனியா, வியர்வைக் கழிவுகளோடு சேர்ந்து வலுவிழந்த குளோரினின் வாடை. கண் எரிச்சலும் பெரும்பாலும் அதனால்தான்.

முதலில் டெஸ்ட் கிட்டை மாற்றுங்கள். மஞ்சள் நிறம் காட்டும் கிட், வேலை செய்யும் குளோரினையும் வலுவிழந்த குளோரினையும் சேர்த்தே காட்டும். காலையில் நீங்கள் பார்க்கும் வெளிர் மஞ்சள் முழுவதும் வலுவிழந்ததாகவே இருக்கலாம். இளஞ்சிவப்பு நிறம் வரும் டிபிடி கிட் இரண்டையும் தனித்தனியாகக் காட்டும். ஒரு எச்சரிக்கை: குளோரின் 10 பிபிஎம்முக்கு (ஒரு பிபிஎம் என்றால் லிட்டருக்கு ஒரு மில்லிகிராம்) மேல் போனால் அந்தச் சிவப்பு பளிச்சென்று தோன்றி உடனே வெளுத்துவிடும். அதைப் பூஜ்யம் என்று நினைத்து மேலும் ஊற்றிவிடக் கூடாது.

உங்கள் குளத்தில் சுமார் 86,000 லிட்டர், டேங்கையும் சேர்த்து 90,000 என்று வைத்துக்கொள்ளலாம். 10 சதவீத லிக்விட் குளோரின் 0.9 லிட்டர் ஊற்றினால் 1 பிபிஎம் ஏறும். 5 லிட்டருக்கு ஐந்தரை. பொழுது சாய்ந்தபின் ஊற்றி, பம்ப் ஓடவிட்டு, ஒரு மணி நேரம் கழித்து அளந்து எழுதிவையுங்கள். விடியுமுன் மறுபடி அளங்கள். 1 பிபிஎம் வரை குறைவது சரி. அதற்கு மேல் என்றால் சுத்தம் செய்யும் வேலை பாக்கி இருக்கிறது.

எதைச் சுத்தம் செய்வது என்று அறிய இரண்டு வாளி போதும். ஒன்றில் 10 லிட்டர் குளத்துத் தண்ணீர், இன்னொன்றில் 10 லிட்டர் டேங்கர் தண்ணீர். ஊசி போடாத சிரிஞ்சால் ஒவ்வொன்றிலும் அரை மில்லி லிக்விட் குளோரின் விட்டுக் கலக்கி, அளந்து, மூடி நிழலில் வையுங்கள். டேங்கர் வாளியில் அரை மணி நேரத்திலேயே பாதி போய்விட்டால் வாங்கும் தண்ணீரில் அம்மோனியாவோ இரும்போ இருக்கிறது. இரும்பு என்றால் தண்ணீர் பழுப்பாகவும் மாறும். அப்படியானால் தண்ணீர் வாங்கும் இடத்தை மாற்றுவதுதான் வழி. குளத்து வாளியில் காலைவரை குளோரின் நிற்கிறது, குளத்தில் மட்டும் நிற்கவில்லை என்றால், குற்றவாளி சுவரிலோ டேங்கிலோ ஒட்டிக்கொண்டிருக்கிறது.

நீங்கள் சொன்னதை வைத்துப் பார்த்தால் என் சந்தேகம் முதலில் பேலன்சிங் டேங்க் மேல்தான். மூடியைத் திறந்து யாரும் பார்ப்பதில்லை. இருட்டில் பாசி வளராது, ஆனால் இலை, முடி, உடம்பு எண்ணெய் எல்லாம் சேர்ந்து சுவரில் படலம் கட்டும். வழிந்தோடும் கால்வாயின் ஜாலிக்கு அடியிலும், தண்ணீருக்கடி விளக்குகளின் பின்னாலும், ஏணி பதிந்த குழிகளிலும் இதே கதை. எல்லாவற்றையும் தேய்க்க வேண்டும். டேங்குக்குள் ஆளை இறக்குவதாக இருந்தால் தண்ணீரை வடித்து, மூடியைத் திறந்து நன்றாகக் காற்றோட்டம் விட்டு, மேலே ஒருவர் நின்று பார்த்தபடியே இருக்கும்போது மட்டும் இறக்குங்கள். உள்ளே ஆசிட்டும் குளோரினும் கூடவே கூடாது. இதில் தயவுசெய்து சமரசம் வேண்டாம், உயிர் போகிற விஷயம்.

அப்புறம் குளத்துக்கு வாருங்கள். லிக்விட் குளோரின் மட்டுமே போடுவதால் வெயிலில் குளோரின் அழியாமல் காக்கும் ஸ்டெபிலைசர், அதாவது சயனூரிக் அமிலம், உங்கள் தண்ணீரில் அநேகமாக இல்லை. அளந்து பார்த்து, இல்லாவிட்டால் 2.7 கிலோவைத் துணிப்பையில் கட்டித் தண்ணீர் திரும்பி வரும் இடத்தில் தொங்கவிடுங்கள். 30 பிபிஎம் கிடைக்கும். பிஎச் அளவை 7.2க்குக் கொண்டுவாருங்கள். குளோரின் ஏறியபின் பிஎச் கிட் சரியாகக் காட்டாது. பிறகு யாரும் இறங்காதபடி குளத்தை மூடிவிட்டு, குளோரினை 12 பிபிஎம்முக்கு ஏற்றுங்கள். குறையக் குறைய ஒரு நாளைக்கு இரண்டு மூன்று முறை ஊற்றி அதே அளவில் பிடித்து வையுங்கள். தினமும் சுவரைத் தேயுங்கள், ஃபில்டரில் அழுத்தம் ஏறினால் பேக்வாஷ், அதாவது தண்ணீரை எதிர்த்திசையில் விட்டுக் கழுவுங்கள். தண்ணீர் தெளிந்து, இரவில் 1 பிபிஎம்முக்குள் குறைந்து, வலுவிழந்த குளோரின் அரை பிபிஎம்முக்குக் கீழே வரும்வரை விடாதீர்கள். சிலருக்கு மூன்று நாள், சிலருக்கு ஒரு வாரம் ஆகும். 5 பிபிஎம்முக்குக் கீழே இறங்கியபின் குழந்தைகளை விடலாம்.

மயில்துத்தம் வேண்டாம். அதிலுள்ள செம்பு தண்ணீரிலேயே தங்கி சுவரில் கறை பிடிக்கும், வெளிர்நிற முடியைப் பச்சையாக்கும். சேர்ந்த கழிவை அது எரிப்பதும் இல்லை.

இனி வெயில். ஆபரேட்டர் சொன்னது பகலுக்குப் பொருந்தும். ஸ்டெபிலைசர் இல்லாத தண்ணீரில் உச்சி வெயில் ஒரு மணி நேரத்துக்குள் பாதிக் குளோரினை அழித்துவிடும். 30 முதல் 50 பிபிஎம் வரை ஸ்டெபிலைசர் இருந்தால் குளோரின் நிற்கும். ஆனால் ஸ்டெபிலைசர் அளவு மீறினால் குளோரினே மந்தமாகிவிடும். அதனால்தான் லிக்விடை விட்டுக் குளோரின் மாத்திரைக்கு மாறுவதில் நிதானம் வேண்டும். டிசிசிஏ (ட்ரைகுளோரோ ஐசோசயனூரிக் அமிலம்) மாத்திரை 10 பிபிஎம் குளோரின் தரும்போது 6 பிபிஎம் ஸ்டெபிலைசரையும் சேர்க்கிறது. அந்த ஸ்டெபிலைசர் தானாகக் குறையாது, தண்ணீரை மாற்றித்தான் குறைக்க முடியும். மாத்திரையையும் பிளீச்சிங் பவுடரையும் ஒரே டப்பாவிலோ ஒரே அளவைக் கரண்டியிலோ தொடவிடக் கூடாது, தீப்பிடிக்கும். கேன்களை மோட்டார் ரூம் சூட்டில் அடுக்காமல் நிழலில் வையுங்கள். இரண்டு வாரத்துக்குத் தேவையானதை மட்டும், தயாரித்த தேதி பார்த்து வாங்குங்கள்.