காசிக்கு முன்னால் காசிமேடு

கேள்வி: எனக்கு வயது 24. கல்யாண வீடுகளில் இரண்டாவது கேமராவாக வேலை பார்க்கிறேன். கையில் இருப்பது கிராப் சென்சார் (சிறிய சென்சார்) கேமரா, 50 எம்எம் 1.8 லென்ஸ். போர்ட்ரெய்ட் எடுக்கத்தான் ஆசை. ஞாயிற்றுக்கிழமைகளில் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்குப் போய் எடுக்கிறேன். படம் ஷார்ப்பாக வருகிறது, உயிர் இல்லை. ஆட்கள் விறைத்துக்கொண்டு நிற்கிறார்கள், இல்லையென்றால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். கறுத்த முகங்கள் மங்கலாக, அழுக்கேறினாற்போல் வருகின்றன. கடன் வாங்கி, பெரிய சென்சார் உள்ள ஃபுல் ஃபிரேம் கேமராவும் 85 எம்எம் லென்ஸும் வாங்கி, காசி, புஷ்கர் என்று ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்தால் சரியாகுமா?
— பெயர் வேண்டாம், பெரம்பூர்.

பதில்:

தம்பி, காசிக்குப் போனால் புண்ணியம் கிடைக்கும். படம் கிடைக்குமா என்பது வேறு கேள்வி. படித்துறையில் உட்கார்ந்திருக்கும் சாமியார்கள் உங்களைவிட அதிகம் கேமராவைப் பார்த்தவர்கள். எந்தப் பக்கம் திரும்பினால் தாடி எடுபடும் என்று அவர்களே சொல்லிக் கொடுப்பார்கள், முடிந்ததும் கையை நீட்டுவார்கள். அது அவர்கள் பிழைப்பு, குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பெரம்பூரிலிருந்து டூவீலரில் போகிற தூரத்தில் இருப்பவர்களிடமே பேச்சு வராதவருக்கு, மொழி தெரியாத ஊரில் மட்டும் எப்படி வரும்?

முதலில் காசிமேடு. ஞாயிறு காலையில் அங்கே நடப்பது வியாபாரம். ஏலம் போய்க்கொண்டிருக்கும், ஐஸ் கரைந்துகொண்டிருக்கும், கூடையைத் தூக்குகிறவருக்கு மூச்சுவிட நேரமிருக்காது. நடுவில் கேமராவை மாட்டிக்கொண்டு ஒரு கூட்டம் குறுக்கே நிற்கும். முகத்தைத் திருப்பாமல் என்ன செய்வார்கள்? "வாரம் வாரம் வந்து புடிச்சிக்கினு போறீங்களே, ஒரு போட்டோவாச்சும் குடுத்தீங்களா?" என்று எந்த மீன்கார அம்மாவாவது கேட்டால் நம்மிடம் பதில் கிடையாது.

மீன்பிடித் தடைக்காலத்தில் போய்ப் பாருங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. படகு பழுது பார்ப்பது, பெயின்ட் அடிப்பது, வலை சரிசெய்வது என்று எல்லோரும் கரையில்தான் இருப்பார்கள். பேச நேரம் இருக்கும், கையில் வேலையும் இருக்கும். போர்ட்ரெய்ட்டுக்கு இதைவிட என்ன வேண்டும்? முதல் நாள் கேமரா பைக்குள்ளேயே இருக்கட்டும். டீ சாப்பிடுங்கள், வலையைப் பற்றிக் கேளுங்கள். இரண்டாம் முறை எடுங்கள். மூன்றாம் முறை போகும்போது மேக்ஸி சைஸ் பிரிண்ட் போட்டுக் கொண்டுபோய்க் கையில் கொடுங்கள். ஒரு டீ, வடைக்கு ஆகிற காசுதான். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதாதா என்பீர்கள். போதாது. பிரிண்டை வாங்கியவர் பக்கத்து ஆளிடம் காட்டுவார், அந்த ஆள் "என்னையும் ஒண்ணு எடு தம்பி" என்று தானே வருவார். எனக்குத் தெரிந்து உயிருள்ள போர்ட்ரெய்ட்டுகள் பெரும்பாலும் இப்படித் திரும்பிப் போன இடத்தில்தான் கிடைத்திருக்கின்றன.

ஆனால் அந்த மாதங்களில் வெயிலோடு ஒரு மல்லுக்கட்டு உண்டு. சென்னை 13 டிகிரி அட்சரேகையில் இருப்பதால் ஏப்ரல் கடைசியில் நண்பகல் சூரியன் உச்சந்தலைக்கு நேர் மேலே நிற்கும். புருவ நிழல் கண்ணை மூடிவிடும், மூக்கு நிழல் மீசையில் விழும். நிழலுக்குப் போனால் போதும் என்று எல்லோரும் சொல்வார்கள், எந்த நிழல் என்று சொல்ல மாட்டார்கள். வலை சரிசெய்கிறவர்கள் தலைக்கு மேல் பெரும்பாலும் நீலத் தார்ப்பாய்தான் கட்டியிருக்கும். அதன் கீழே எடுத்தால் நெற்றியும் கன்னமும் நீலம் பாய்ந்திருக்கும், பக்கவாட்டிலிருந்து வருகிற வெளிச்சம் வெள்ளையாக இருக்கும். வெளிச்சத்தின் நிறத்தைச் சரிசெய்யும் ஒயிட் பேலன்ஸில் ஒன்றைச் சரிசெய்தால் மற்றது கெடும். பெரியவரை நிழலின் விளிம்புக்கு, தார்ப்பாய்க்கு வெளியே வானம் தெரிகிற பக்கமாக நகர்ந்து உட்காரச் சொல்லுங்கள். வெளியே வெயில்பட்ட சிமென்ட் தரை இருந்தால் அதிர்ஷ்டம், அதுவே கீழிருந்து முகத்துக்கு வெளிச்சம் கொடுக்கும். இல்லையென்றால் ஒரு தெர்மாகோல் ஷீட். சினிமாக்காரர்கள் பல வருடமாக அதை வைத்துத்தான் ஓட்டினார்கள். கிளிக் செய்யுமுன் கண்ணைப் பாருங்கள். கருவிழியில் வெள்ளைப் புள்ளி தெரிந்தால் வெளிச்சம் சரி. தெரியவில்லையென்றால் ஆளை இன்னும் கொஞ்சம் வெளிப்பக்கம் திருப்புங்கள்.

கறுத்த முகங்கள் அழுக்காக விழுவதற்குக் காரணம் தோல் இல்லை, கேமராவுக்குள் வெளிச்சத்தை அளக்கும் மீட்டர். பார்ப்பதையெல்லாம் நடுத்தரச் சாம்பலாக்க நினைப்பது கேமராவின் குணம். வெள்ளை வேட்டி சட்டை ஃபிரேமில் பாதியை அடைத்தால், அந்த வெள்ளையை அடக்குகிறேன் என்று முகத்தையும் சேர்த்து இருட்டாக்கிவிடும். அப்போது எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் விழும் வெளிச்சத்தின் அளவை, முக்கால் ஸ்டாப் (வெளிச்சத்தை இரட்டிப்பாக்குவது ஒரு ஸ்டாப்) கூட்டுங்கள். பின்னால் இருட்டுக் கதவு இருந்தால் நேர்மாறு, குறைக்க வேண்டும். நேரடி ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம். வியர்த்த நெற்றி மினுங்கும், விபூதிப் பட்டை வெளுத்துப்போய் வெறும் வெள்ளைக் கோடாக நிற்கும். பையில் டிஷ்யூ வைத்துக்கொள்ளுங்கள், சென்னையில் லென்ஸுக்கு அடுத்தபடி அதுதான் அவசியம். மூக்குக்கண்ணாடி பளிச்சிட்டால், காதுப்பக்கக் கம்பியைக் கொஞ்சம் தூக்கி வைக்கச் சொல்லுங்கள். கண்ணாடி கீழ்நோக்கிச் சாய்ந்து பிரதிபலிப்பு போய்விடும்.

"கொஞ்சம் கலராக்கிக் குடுங்க" என்று கேட்பவர்கள் வருவார்கள். செய்யாதீர்கள். அப்படிக் கேட்பவர்களில் பாதிப் பேர் சிவப்பாக வேண்டும் என்று கேட்கவில்லை, இருட்டாக விழுந்த படத்தைப் பார்த்துச் சங்கடப்பட்டுக் கேட்கிறார்கள். எக்ஸ்போஷர் சரியாக உள்ள பிரிண்டை மேட் பேப்பரில் போட்டுக் காட்டினால் அந்தப் பேச்சே எழாது. மீதிப் பாதிப் பேருக்கு வேறு ஸ்டூடியோ இருக்கிறது.

விறைப்பைப் பற்றி நீங்கள் இவ்வளவு கவலைப்பட வேண்டாம். நம் பெரியவர்கள் கேமரா முன் அட்டென்ஷனில் நிற்பது ஸ்டூடியோ பழக்கிய மரியாதை. கண்ணாடித் தகடு காலத்தில் பல நொடி அசையாமல் நிற்க வேண்டியிருந்தது, தலை ஆடாமலிருக்க இரும்புத் தாங்கிகூடப் பின்னால் வைத்தார்கள். அந்தத் தோரணை மிச்சமிருக்கிறது. முதல் படம் அவர்கள் விருப்பப்படி இருக்கட்டும், வீட்டில் மாட்டப்போவது அதைத்தான். பிறகு கைக்கு ஒரு வேலை கொடுங்கள்: வெற்றிலை மடிக்கட்டும், பேரனின் சட்டைப் பட்டனைப் போடட்டும். "சிரிங்க" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். பல் தெரியும், கண் சிரிக்காது.

இன்னொன்று. போர்ட்ரெய்ட் என்றால் சுருக்கம் விழுந்த முகம், தலைப்பாகை, பீடிப்புகை என்று நினைத்திருக்கிறீர்களோ என்று உங்கள் கடிதத்தைப் படித்தால் தோன்றுகிறது. இந்தத் தொழிலில் ஒரு சாதாரண நாள் வேறு மாதிரி இருக்கும். காலையில் பாஸ்போர்ட் சைஸ், அப்புறம் வடபழனியிலிருந்து சினிமா வாய்ப்புத் தேடும் ஒரு பையனுக்கு போர்ட்ஃபோலியோ, மாலையில் அறுபதாம் கல்யாணத் தம்பதி. நடுவே ஒருவர் செல்போனை நீட்டுவார்: "அம்மா தவறிட்டாங்க. மாட்டுறதுக்குப் படம் இல்ல, இதுல இருந்து எடுக்க முடியுமா?" கல்யாண குரூப் போட்டோவில் மூன்றாம் வரிசை, பாதி முகத்தை யாரோ ஒருவருடைய பூ மறைத்திருக்கும். எத்தனையோ வீடுகளில் இதுதான் நிலைமை. உங்கள் தெருவிலேயே அறுபது தாண்டியவர்கள் எத்தனை பேர்? அவர்களை உயிரோடு இருக்கும்போதே, அவர்களுக்குப் பிடித்த புடவையில், அவர்கள் வீட்டு வாசல் வெளிச்சத்தில் எடுங்கள். அபார்ட்மென்ட் என்றால் கீழே கார் நிறுத்துமிடம், விளிம்பிலிருந்து ஓரடி உள்ளே. முதல் பத்து வீட்டுக்குக் காசு வாங்காதீர்கள், பதினோராவது வீட்டிலிருந்து கறாராக வாங்குங்கள்.

ஊர் சுற்றும் ஆசைக்கு பழவேற்காடு போதும். பொன்னேரி வரை மின்சார ரயில், அங்கிருந்து பஸ். ஏரி, டச்சுக்காரர்களின் 17ஆம் நூற்றாண்டுக் கல்லறைகள், பனை ஓலையில் கூடை பின்னும் பெண்கள் என்று ஒரே ஊரில் வருடம் முழுக்க வேலை இருக்கிறது. பெண்களை எடுக்க ஒரு தோழியையோ அக்காவையோ கூட்டிக்கொண்டு போங்கள், வீட்டாரிடம் கேட்டுவிட்டு எடுங்கள். சித்திரையில் கூவாகத்துக்குக் கூட்டத்தோடு கூட்டமாகப் போய், திருநங்கைகள் அழுவதை டெலி லென்ஸில் தூரத்திலிருந்து சுடுகிறார்களே, அந்த வேலை மட்டும் வேண்டாம்.

கடன் விஷயம். வேண்டாம். உங்கள் கிராப் கேமராவில் சென்சார் சிறியது என்பதால் அந்த 50 எம்எம் ஏறக்குறைய 75, 80 எம்எம் போல வேலை செய்யும், போர்ட்ரெய்ட்டுக்கு அளவான லென்ஸ். லென்ஸின் திறப்பை (அபர்ச்சர்) 1.8இல் முழுக்கத் திறந்து வைத்து எடுக்காதீர்கள், ஒரு கண் ஷார்ப்பாகவும் மறு கண் மங்கலாகவும் போகும். 2.8க்கும் 4க்கும் நடுவில் வையுங்கள். அப்படியும் 85 கையை அரித்தால், ஒரு நாள் வாடகைக்கு எடுத்து உங்கள் கேமராவில் மாட்டி யாராவது ஒருவரை வீட்டுக்குள் உட்காரவைத்துப் பாருங்கள். இடுப்பளவு படத்துக்கே பத்தடிக்கு மேல் தள்ளி நிற்க வேண்டும். பத்துக்குப் பத்து அறையில் உங்கள் முதுகு பீரோவில் இடிக்கும்.