பூச்சுக்கு முன்னால் அந்தக் கறுப்பு வயர்

கேள்வி: கடலூர் தேவனாம்பட்டினத்தில் வீடு கட்டுகிறோம். தளம் போட்டாயிற்று. சுவரில் காடி வெட்டிப் பைப் பதிக்கிறார்கள். அடுத்த மாதம் பூச்சு. விளக்குகள் தானாக எரிந்து அணைய வேண்டும், போனிலும் இயக்க வேண்டும் என்று ஆசை. "அதெல்லாம் அப்புறம் மாட்டிக்கலாம் சார்" என்கிறார் எலக்ட்ரீஷியன். எழுபதைத் தாண்டிய பெற்றோர் கூட இருக்கிறார்கள். இப்போதே எதைச் செய்ய வேண்டும்?

பதில்: அவர் சொல்வது பாதி சரி. கருவிகளை அப்புறம் வாங்கலாம். சுவருக்குள் போகிற வயரை அப்படித் தள்ளிப்போட முடியாது.

ஸ்மார்ட் சுவிட்ச் எந்நேரமும் விழித்திருக்கிற சாமான். விளக்கு அணைந்திருக்கும்போதும் அதற்குத் துளி மின்சாரம் வேண்டும். அதற்கு மின்சாரம் வரும் பேஸ் வயர் மட்டும் போதாது, அது திரும்பிப் போகும் நியூட்ரல் வயரும் வேண்டும். பிளக் பாயின்ட் உள்ள போர்டில் நியூட்ரல் எப்படியும் வந்துவிடும். விட்டுப்போவது மாடிப்படி டூவே (ஒரே விளக்கை மேலேயும் கீழேயும் இருந்து போடும் சுவிட்ச்), பாத்ரூமுக்கு வெளியே உள்ள சுவிட்ச் போன்ற இடங்களில்தான். அங்கெல்லாம் நியூட்ரலுக்கு ஒரு கறுப்பு வயர் சேர்த்து இழுக்கச் சொல்லுங்கள். நியூட்ரல் இல்லாமல் ஓடும் சுவிட்சும் கடையில் உண்டு. அது விளக்கு வழியாகவே கொஞ்சம் மின்சாரத்தைக் கசியவிட்டுப் பிழைக்கிறது; சின்ன எல்இடி பல்பு அணைத்த பிறகும் மினுக்கும். நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

இன்வர்ட்டர் லைன் தனியாகப் போகிறதென்றால் அதன் நியூட்ரலும் தனியாகவே போகட்டும். அவசரத்துக்குப் பக்கத்து லைனிலிருந்து நியூட்ரல் எடுத்தால், மின்கசிவு கண்டால் கரண்டைத் துண்டிக்கும் ஆர்சிசிபி அடிக்கடி விழும். காரணம் தேடியே ஒரு நாள் போய்விடும். சுவிட்ச் பாக்ஸ் ஆழமாக இருக்கட்டும். சுவிட்சுக்குப் பின்னால் வைக்கும் ரிலேவுக்கு (சாதா சுவிட்சைப் போனிலும் இயக்க வைக்கும் சின்னப் பெட்டி) இடம் வேண்டும். கடல் பக்கத்திலேயே இருப்பதால் துருப்பிடிக்காத பாக்ஸாகப் பாருங்கள்.

அப்புறம், எல்லா விளக்கையும் தானியங்கி ஆக்காதீர்கள். புதுச்சேரியில் ஒரு வீட்டில் அறைக்கு அறை ஸ்மார்ட் பல்பு மாட்டினார்கள். பாட்டி வழக்கம்போலச் சுவரில் சுவிட்சை அணைத்துவிட்டுப் படுப்பார். பல்புக்கு மின்சாரமே போகாதபோது போன் என்ன செய்யும்? பத்தே நாளில் சாதா பல்பு திரும்பி வந்தது. அதனால்தான் சுவிட்சுக்குப் பின்னால் வைக்கும் ரிலே. சுவிட்ச் அதே இடத்தில், அதே "டக்" சத்தத்தோடு இருக்கும். நெட் போனாலும் கையால் போடலாம். தானே புயலையும் பெஞ்சல் புயலையும் பார்த்த கரைக்கு இது முக்கியம்.

உங்கள் வீட்டுக்கு நான் மூன்றை மட்டும் முதலில் செய்வேன். பெற்றோர் கட்டிலிலிருந்து பாத்ரூம் வரை கணுக்கால் உயரத்தில் மங்கலான மஞ்சள் விளக்கு, ஆள் நடமாட்டம் பார்த்து எரிகிற சென்சாரோடு. பல்பு அட்டையில் ஒளியின் நிறம் 2700 கெல்வின் என்று இருந்தால் போதும், தூக்கக் கண்ணைக் கூசாது. அடுத்தது மாடிப்படி. மூன்றாவது வாசல் விளக்கு. அதற்கு மணி வைக்காதீர்கள், சூரிய அஸ்தமனத்தை வையுங்கள். நம் பக்கம் நவம்பர் கடைசியில் ஐந்தே முக்காலுக்கு முன்பே பொழுது சாயும். ஜூலைத் தொடக்கத்தில் ஆறரையைத் தாண்டும்.

வாங்கும்போது கேட்க வேண்டியது ஒன்று: கரண்ட் போய் வந்தால் விளக்கு பழைய நிலைக்குத் திரும்புமா? அந்த அமைப்பு இல்லாத சாமான், ராத்திரி இரண்டு மணிக்குக் கரண்ட் வந்ததும் வீடு முழுக்கத் தீபாவளி காட்டும்.

பூச்சு வேலைக்கு ஆள் வருவதற்கு முந்தின நாள், ஒவ்வொரு சுவரிலும் அளவு டேப்பை விரித்துப் பிடித்துப் போட்டோ எடுத்து வையுங்கள். பின்னால் ஆணி அடிக்கும்போது பைப் எங்கே போகிறதென்று அதுதான் சொல்லும்.