அமெரிக்காவின் மிட்வெஸ்ட் பகுதியில் இருக்கும் சின்னக் கல்லூரி ஊர்களுக்குச் சொல்லிக்கொள்ளும்படி வரலாறு ஏதாவது உண்டா?

உங்கள் வீட்டுப் பிள்ளைக்கு அந்தப் பக்கம் இடம் கிடைத்திருக்கிறது, வரைபடத்தில் தேடினால் சோளக்காடாகத் தெரிகிறது, அதனால்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். மினசோட்டா மாநிலத்து நார்த்ஃபீல்டில் நான் மூன்று குளிர்காலம் இருந்தவள், கணவருக்கு அங்கே வேலை. சொந்தக்காரர்களிடம் ஊர்ப்பெயரைச் சொன்னால் "நியூயார்க் பக்கமா?" என்பார்கள். அந்த ஆதங்கத்தில்தான் எழுதுகிறேன்.

மினியாபொலிஸுக்குத் தெற்கே முக்கால் மணி நேரத்தில் இருக்கிறது, ஏறக்குறைய 20,000 பேர். 'பசுக்கள், கல்லூரிகள், மனநிறைவு' என்பதுதான் ஊரின் முழக்கம். நடுவில் ஓடுவது கேனன் ஆறு. ஆங்கிலத்தில் கேனன் என்றால் பீரங்கி, ஆனால் அதற்கும் ஆற்றுக்கும் சம்பந்தமில்லை, பிரெஞ்சு வணிகர்கள் படகுகளின் ஆறு என்று வைத்த பெயர் ஆங்கிலத்தில் அப்படித் திரிந்துவிட்டது. ஆற்றுக்குக் கிழக்கே கார்ல்டன் கல்லூரி, 1866. மேற்கே குன்றின் மேல் நார்வேயிலிருந்து வந்த லுத்தரன் சபையார் 1874இல் தொடங்கிய செயின்ட் ஓலாஃப். தானியக் கஞ்சிமாவு ஆலை ஒன்றும் உண்டு, காற்று திரும்பினால் வறுத்த கோதுமை வாசனை வீட்டுக்குள்ளேயே வந்துவிடும்.

சரி, வரலாறு. 1876 செப்டம்பர் 7 அன்று ஜேம்ஸ், யங்கர் என்ற இரண்டு குடும்பத்துச் சகோதரர்களின் கொள்ளைக் கூட்டம், எட்டுப் பேர், டிவிஷன் தெருவில் இருந்த வங்கியைக் கொள்ளையடிக்க வந்தது. காசாளர் ஊரில் இல்லை, பிலடெல்ஃபியா கண்காட்சிக்குப் போயிருந்தார். அவருடைய இடத்தில் இருந்தவர் ஜோசஃப் லீ ஹேவுட், கணக்கர், கார்ல்டன் கல்லூரியின் பொருளாளரும் அவர்தான். பெட்டகத்தில் குறித்த நேரத்துக்குத்தான் திறக்கும் நேரப்பூட்டு இருக்கிறது, திறக்க முடியாது என்று சொல்லிவிட்டார். உண்மையில் அது பூட்டப்படவே இல்லை! அடித்தார்கள், கழுத்தில் கத்தியை வைத்தார்கள், அவர் அசையவில்லை. அதற்குள் வெளியே கடைக்காரர்களும், விடுமுறைக்கு வந்திருந்த மருத்துவ மாணவன் ஒருவனும் துப்பாக்கி எடுத்துச் சுட ஆரம்பித்துவிட்டார்கள். ஏழே நிமிடம். தெருவில் கொள்ளையர் இருவர் செத்தார்கள், ஒன்றும் அறியாத ஸ்வீடன்காரர் ஒருவரும் குண்டுபட்டு இறந்தார். ஓடும்போது ஹேவுட்டைத் தலையில் சுட்டுவிட்டுப் போனார்கள். கிடைத்தது 26 டாலர் 70 சென்ட். யங்கர் சகோதரர்கள் மூவரும் இரண்டு வாரத்தில் பிடிபட்டார்கள். ஜெஸ்ஸி ஜேம்ஸும் அண்ணன் ஃபிராங்கும் தப்பிவிட்டார்கள் என்பதே பொதுவான முடிவு.

ஒவ்வொரு செப்டம்பரிலும் இதை நடித்துக் காட்டுகிறார்கள். முதல் வருடம் என் பையனுக்கு ஐந்து வயது, குதிரையும் வெடிச்சத்தமும் கேட்டு அழுதுவிட்டான். பக்கத்து வீட்டுப் பாட்டி அவனைச் சமாதானப்படுத்த அங்கிருந்து கூட்டிப்போய்க் கல்லறைத் தோட்டத்தில் ஹேவுட்டின் கல்லைக் காட்டினார். "அவருக்கும் உன் வயதில் ஒரு மகள் இருந்தாள்" என்றார். அன்று ராத்திரி முழுக்க அவன் கேட்டது கொள்ளைக்காரனைப் பற்றி இல்லை, அந்தப் பெண்ணை அப்புறம் யார் பார்த்துக்கொண்டார்கள் என்றுதான். ஜெஸ்ஸி ஜேம்ஸ் பெயர் உலகத்துக்கே தெரியும், இந்தக் கணக்கர் பெயர் யாருக்குத் தெரியும்? எனக்கு இன்றைக்கும் அது பொறுக்கவில்லை.

குடியேறிகளின் கதையை மட்டும் சொல்கிறாயே என்று யாராவது வருவீர்கள். மறைக்கவில்லை. அது பூர்வகுடிகளான டகோட்டா மக்களின் நிலம். 1851 ஒப்பந்தங்களில் அவர்களிடமிருந்து போனது, நான்கே வருடத்தில் ஜான் நார்த் அங்கே ஊர் போட்டார். 1862இல் அவர்களுக்கும் அமெரிக்க அரசுக்கும் நடந்த போருக்குப் பிறகு, அதே மாநிலத்து மங்கேட்டோ ஊரில் ஒரே நாளில் 38 டகோட்டா ஆண்களைத் தூக்கிலிட்டார்கள். இதையும் சேர்த்துப் படித்தால்தான் ஊர் புரியும். நான் வரலாற்று ஆசிரியை இல்லை, அங்கே வாழ்ந்தவள், அவ்வளவுதான்.

மனநிறைவு என்றதும் இன்னொன்று. நாங்கள் காலி செய்தபோது வீட்டுக்காரர், தரைவிரிப்பில் முன்பே இருந்த கறைக்கு எங்கள் முன்பணத்தில் 400 டாலர் பிடித்துக்கொண்டார். எங்களிடம் புகைப்படம் இல்லை, வாதாட முடியவில்லை. நான்கு மாத மளிகைக்காசு அது. உங்கள் பிள்ளை சாவி வாங்கிய அன்றே மூலைமுடுக்கெல்லாம் படம் எடுக்கட்டும்.

நார்த்ஃபீல்டுதான் என்றால், அந்த வங்கிக் கட்டடம் இப்போது அருங்காட்சியகம். கொள்ளையை நடித்துக் காட்டும் விழா, அமெரிக்கத் தொழிலாளர் தினத்துக்கு (மே தினம் இல்லை, செப்டம்பர் முதல் திங்கள்) அடுத்த வாரக் கடைசியில் வரும்.