முன்னாள் கணவர் நோயில் விழுந்தார், ஜீவனாம்சம் நின்றது: என்ன செய்யலாம்?

குடியாத்தத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். விவாகரத்தாகி நான்கு வருடம் ஆகிறது. அவருக்கு மாதம் 4,000 ரூபாய், பள்ளியில் படிக்கும் மகளுக்கு 3,000 ரூபாய் என்று வேலூர் கோர்ட்டில் ஜீவனாம்சம் போட்டிருக்கிறார்கள். ஆம்பூர்ப் பக்கம் ஷூ கம்பெனியில் சூப்பர்வைசராக, மாதம் 18,000 சம்பளத்தில் இருந்த முன்னாள் கணவர் பிப்ரவரி வரை ஒழுங்காகக் கட்டிவந்தார். பிறகு சிறுநீரகம் செயலிழந்து டயாலிசிஸ். மார்ச்சிலிருந்து ஏழு மாதமாகப் பணம் வரவில்லை. போன் செய்தால், "அவனே உசுருக்குப் போராடிக்கிட்டு இருக்கான், இப்பப் போய் காசு கேக்கறியே" என்று அத்தை அழுகிறாராம். "கேட்டால் பாவமாக இருக்கிறது, கேட்காவிட்டால் ஃபீஸ் கட்ட வழியில்லை. என்ன செய்வது? மகள் அப்பாவைப் பார்க்க வேண்டும் என்கிறாள், கூட்டிப்போனால் கேஸ் கெட்டுவிடுமா?" என்று கேட்கிறார்.

சகோதரி, அவருக்கு உடம்பு முடியவில்லை என்பதால் கோர்ட் போட்ட தொகை தானாகக் குறையாது, நிற்கவும் நிற்காது. கோர்ட் மாற்றி எழுதும்வரை மாதம் 7,000 ஏறிக்கொண்டுதான் இருக்கும். இன்றைய பாக்கி 49,000. குறைக்க வேண்டுமென்றால் அவர்தான் மனு போட வேண்டும். நீங்கள் கேட்பது பிச்சை இல்லை, நிலுவை.

ஆனால் உங்களுக்கு ஒரு கெடு ஓடிக்கொண்டிருக்கிறது. உங்கள் ஆணை பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-வது பிரிவில் போடப்பட்டதாக இருக்கும் என்று நினைக்கிறேன். 2024 ஜூலை 1 முதல் அந்த இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-வது பிரிவு வந்திருக்கிறது. எண் மாறினாலும் விதி மாறவில்லை. ஒவ்வொரு மாதத் தொகையும் எப்போது தர வேண்டியதோ, அந்த நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் வசூல் மனு போட்டால்தான் வாரண்ட், ஜப்தி என்ற வேகமான வழி கிடைக்கும். மார்ச் தொகைக்கு அடுத்த மார்ச் வரைதான் கெடு. "பாவம், குணமாகி வரட்டும்" என்று இரண்டு வருடம் காத்திருந்துவிட்டு வந்த பெண்களை நான் பார்த்திருக்கிறேன். கெடு தாண்டிய மாதங்களின் கடன் அழிந்துவிடாது. தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2013-இல் இதைத் தெளிவாகவே சொல்லியிருக்கிறது. ஆனால் அதை வசூலிக்க சிவில் வழியில் நீண்ட நாள் அலைய வேண்டும். அதனால் இரக்கப்படுங்கள், மனுவை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். மனு போட்ட பிறகு வாய்தா தரலாம், தவணை தரலாம், விட்டும் கொடுக்கலாம். போடாமல் கெடு தாண்டிய மாதத்துக்கு இந்த வேகமான வழி கிடைக்காது.

ஒருவேளை உங்கள் தொகை விவாகரத்துத் தீர்ப்போடு சேர்த்து, இந்து திருமணச் சட்டம் 25-வது பிரிவில் போடப்பட்டிருந்தால் வழி வேறு. அதற்கு சிவில் நிறைவேற்று மனு, கெடு 12 ஆண்டு. ஆணையின் நகலில் பிரிவு எண் இருக்கும், முதலில் அதைப் பாருங்கள். நகல் கையில் இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள். 125-இல் போட்ட ஆணையின் நகலை இலவசமாகத் தர வேண்டும் என்று சட்டமே சொல்கிறது.

மனு போட்டால் டயாலிசிஸில் இருப்பவரை ஜெயிலுக்கு அனுப்பிவிடுவார்களோ என்ற பயம் உங்கள் கடிதத்தில் தெரிகிறது. "போதிய காரணம் இல்லாமல்" தராதவருக்குத்தான் சிறை. பாக்கி நிற்கும் ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு மாதம் வரை வைக்கலாம், அப்படி இருந்து வந்தாலும் கடன் தீராது. கைகால் திடமாக இருக்கும் கணவன் கூலி வேலை செய்தாவது மனைவி பிள்ளையைக் காப்பாற்ற வேண்டும் என்று கோர்ட்டுகள் திரும்பத் திரும்பச் சொல்லி வருகின்றன. நோயாளியிடம் அந்த வாதம் செல்லாது, செல்லவும் கூடாது. ஆனால் நோய் என்று வாயால் சொன்னால் போதாது. டிஸ்சார்ஜ் சம்மரி, டயாலிசிஸ் ரசீது, கம்பெனி லீவு விவரம் எல்லாம் கோர்ட்டுக்கு வர வேண்டும். இரு தரப்பும் வருமானம், சொத்து, கடன் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாகத் தர வேண்டும் என்று ஜீவனாம்ச வழக்குகளுக்கு உச்ச நீதிமன்றம் 2020 நவம்பரில் விதித்திருக்கிறது. அவர் தொகையைக் குறைக்க மனு போட்டால், அதைக் கேட்டு வாங்குங்கள்.

அதில் எதைப் பார்க்க வேண்டும் என்று கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், பலர் கோட்டை விடுவது இங்கேதான். அவருடைய 18,000 சம்பளம், தொழிலாளர்களுக்கான அரசுக் காப்பீடான இ.எஸ்.ஐ.யின் 21,000 ரூபாய் வரம்புக்குள் வருகிறது. இ.எஸ்.ஐ.யில் இருப்பவர் நோயில் படுத்தால் சம்பளம் நின்றாலும் நோய்க்கால உதவி உண்டு. சம்பளத்தில் 70 சதவீதம், வருடத்தில் 91 நாள் வரை. நாள்பட்ட சிறுநீரகச் செயலிழப்பு போன்ற சில பெரிய நோய்களுக்கு, போதிய சர்வீஸ் இருந்தால், அதற்குப் பிறகும் 80 சதவீதம் என்று இரண்டு ஆண்டு வரை நீளும். அவர் சம்பளத்துக்கு இது தோராயமாக மாதம் 12,600 முதல் 14,400 வரை. இந்தப் பணத்தை ஜப்தி செய்ய முடியாது, சட்டம் தடுக்கிறது. ஆனால் "கையில் ஒரு பைசா வரவில்லை" என்ற பேச்சு உண்மையா என்று கோர்ட் பார்க்கும்போது இது கணக்கில் வரும். மருத்துவச் செலவும் அப்படியே. இ.எஸ்.ஐ.யோ முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டமோ கட்டும் பில்லை அவர் தன் செலவாகக் காட்ட முடியாது. கைக்காசு போட்டு வாங்கும் மருந்தும் ஆஸ்பத்திரிக்குப் போய்வரும் வண்டிச் செலவும் நிஜம், அதை நீங்களும் மறுக்காதீர்கள். வேலையே போய், இந்த உதவியும் கிடைக்கவில்லை என்றால் நிலைமை வேறு. அப்போது தொகை குறையத்தான் செய்யும்.

என் யோசனை இது. பாக்கிக்கு வசூல் மனு போடுங்கள். முதல் வாய்தாவிலேயே, மகளின் 3,000 மாதாமாதம் தவறாமல் வரட்டும், உங்கள் 4,000-இல் அவர் குணமாகும்வரை ஒரு பகுதி போதும், பழைய பாக்கி தவணையில் வரட்டும் என்று நீங்களே சொல்லிப் பாருங்கள். அவர் சம்மதித்தால் இருவரும் கையெழுத்துப் போட்ட மெமோவாகக் கோர்ட்டில் பதிவாக வேண்டும். அத்தை போனில் தரும் வாக்குறுதி, வாட்ஸ்அப் செய்தி எதையும் நம்பி இருக்காதீர்கள். பணம் வங்கிக் கணக்கில்தான் வர வேண்டும். "மொத்தமா இவ்வளவு வாங்கிக்கிட்டு, இனி பாத்தியம் இல்லைன்னு எழுதிக்கொடு" என்று யாராவது வந்தால் கையெழுத்துப் போட வேண்டாம். மகளின் உரிமை மகளுடையது, அதை நீங்கள் எழுதிக் கொடுத்துவிட முடியாது.

வக்கீல் ஃபீஸுக்கு என்ன செய்வது என்று தயங்க வேண்டாம். பெண் என்பதாலேயே, வருமானம் எவ்வளவு இருந்தாலும், இலவச சட்ட உதவிக்கு உங்களுக்கு உரிமை உண்டு. வேலூர் சத்துவாச்சாரி நீதிமன்ற வளாகத்தில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, உங்கள் ஊர் கோர்ட்டிலேயே வட்டக் குழுவும் உண்டு. 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். ஆணை நகல், பாஸ்புக், மகளின் பிறப்புச் சான்று, ஃபீஸ் ரசீதுகளை எடுத்துப் போங்கள். ஆம்பூர் 2019-இலிருந்து திருப்பத்தூர் மாவட்டம் ஆகிவிட்டதே என்று சிலர் குழப்புவார்கள். ஆணை போட்ட கோர்ட்டிலும் போடலாம், அவர் இருக்கும் ஊர் கோர்ட்டிலும் போடலாம்.

இதைப் படிக்கும் வாணியம்பாடி, பேரணாம்பட்டு முஸ்லிம் சகோதரிகளுக்கும் ஒரு வார்த்தை. தலாக்குக்குப் பிறகும் இதே 125-இல் கேட்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2024 ஜூலையில் உறுதி செய்திருக்கிறது.

இன்னொன்றைச் சொல்லத் தயக்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்ல வேண்டும். நோய் முற்றினால், விவாகரத்தான நீங்கள் அவருக்கு வாரிசு இல்லை. மகள் வாரிசு. அவர் உயில் எழுதாமல் போனால் அவர் பேரில் உள்ள சொத்தில் அவளுக்குப் பங்கு உண்டு, பி.எஃப். ஓய்வூதியத் திட்டத்தில் 25 வயது வரை மாத உதவிக்கும் வழி இருக்கிறது. பிறப்புச் சான்றிலும் ஆதாரிலும் அப்பா பெயர் ஒரே எழுத்தில் இருக்கிறதா என்று இப்போதே சரிபாருங்கள்.

மகளை அழைத்துப் போவதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். தாராளமாகப் போங்கள். அதனால் கேஸ் ஒரு துளியும் கெடாது, பாக்கியைத் தள்ளுபடி செய்ததாகவும் ஆகாது. டயாலிசிஸ் முடிந்த கையோடு அசதியாக இருப்பார், மறுநாள் போனால் பேசத் தெம்பு இருக்கும். கட்டில் பக்கத்தில் பணப் பேச்சு வேண்டாம், அத்தை ஆரம்பித்தாலும் "அதைக் கோர்ட்டுல பேசிக்கலாம் அத்தை" என்று சொல்லிவிட்டு, அப்பாவும் மகளும் பேசட்டும் என்று வெளியே வந்து உட்காருங்கள்.