ஓநாயைச் சுட்டால் மூஸ் மான் பெருகுமா?

கேள்வி: ஐயா, விடியற்காலையில் தொழிலுக்குப் போகும்போது, தனுஷ்கோடி மணலில் நரியும் நாயும் தோண்டித் தின்ற ஆமை முட்டைகளின் ஓடுகளைப் பார்க்கிறோம். அமெரிக்காவில் மூஸ் மான்கள் குறைவதால் ஓநாய், கரடி வேட்டை விதிகளைத் தளர்த்துகிறார்களாமே, அது பலன் தருமா? இங்கும் செய்யலாமா?
- வாசகர், மண்டபம்

பதில்: சில இடங்களில் பலன் தரலாம், எல்லா இடங்களிலும் தராது. பிறந்த சில வாரங்களுக்குள் மூஸ் கன்றுகளைக் கரடிகள் பெருமளவில் கொன்றுவிடுவதால், மக்கள் இறைச்சிக்கு மூஸை நம்பியிருக்கும் அலாஸ்கா மாநிலம் 1994-இல் சட்டமியற்றி, ஓநாய்களையும் கரடிகளையும் குறைக்க வழிசெய்தது. ஆனால், ஓநாய்க் கூட்டங்களே இல்லாத நியூ ஹாம்ப்ஷயர், மேய்ன் மாநிலங்களிலும் கன்றுகள் மடிகின்றன. அங்கே எமன் குளிர்கால உண்ணி. ஒரே கன்றின் மேல் பல்லாயிரம் உண்ணிகள் ஒட்டி இரத்தத்தை உறிஞ்ச, அரிப்புத் தாளாமல் மரத்தில் உரசி உரசி உரோமமெல்லாம் உதிர்ந்து, குளிர்காலம் முடியும் தறுவாயில் அது சோர்ந்து விழுகிறது. துப்பாக்கி இதற்கு மருந்தாகாது. அமெரிக்காவின் சுப்பீரியர் ஏரியிலுள்ள ராயல் தீவில் ஓநாய்கள் 2 ஆகக் குறைந்தபோது, மூஸ்கள் சுமார் 1,500 வரை பெருகி இளமரங்களை மேய்ந்து தீர்த்ததால், 2018-இல் வெளியிலிருந்து ஓநாய்களைக் கொண்டுவந்து விட வேண்டியதாயிற்று.

நம் நரி 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் காவலில் இருக்கிறது. அதைக் கொல்லவும் தேவையில்லை. முட்டைகளை உடனே எடுத்து, வேலியிட்ட பொரிப்பகத்தில் வனத்துறை புதைக்கும் முறையே போதுமானது. நாய்களைக் கரைக்கு இழுப்பது நாம் கொட்டும் மீன்கழிவு என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆமைத் தடத்தைக் கண்டால், விடிவதற்குள் வனத்துறைக்குத் தெரிவியுங்கள்.